காதில் ரொட்டி அடைத்த கேட்சர்

சுருட்டு சுற்றுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கத்தி இருக்கும். பிடி கிடையாது. பிறை போல வளைந்த எஃகுத் தகடு, அவ்வளவுதான். இலையை நறுக்குவது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை, தீர்ப்புச் சொல்வது. ஆலையின் நடுவே உயர்ந்த மேடையில் உட்கார்ந்து எங்களுக்குப் படித்துக் காட்டும் வாசகர் நன்றாகப் படித்தால், கத்தியால் பலகையைத் தட்டுவோம். முந்நூறு கத்திகள் சேர்ந்து தட்டினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போலிருக்கும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் வீசுவோம். ஒருவன் வீசினால் அது அவன் சொந்தக் கோபம். மண்டபமே வீசினால், அதன் பிறகு அந்த வாசகர் அந்த மேடையில் ஏறமாட்டார். சுருட்டு ஆலைகளின் ஊரான எங்கள் இபோர் சிட்டியில் இது எல்லோருக்கும் தெரியும்.

1913-ஆம் வருடம், அக்டோபர் மாதம், கல்தெரோன் ஆலையில் முதல் கத்தியை வீசியவன் எவெலியோ பெராசா. எங்கள் ஆலையின் பேஸ்பால் அணியில் கேட்சர்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நாவல் 'மூன்று பாலங்களின் ஆறு'. பார்சலோனாவில் அச்சான மூன்று தடித்த பாகங்கள். லுசிந்தா என்று மாவு ஆலைக்காரர் மகள் ஒருத்தி. அவள் சொத்தைச் சுருட்டிய பத்திர எழுத்தர் ஒருவன். அவளைத் தேடி ஊர் ஊராக அலையும் படகோட்டி ஒருவன். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், பத்திர எழுத்தர் ஆட்களோடு துரத்த, கொட்டும் மழையில் லுசிந்தா பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறாள்.

"நீர் அவளை மூடிக்கொண்டது" என்று வாசித்தார் எங்கள் வாசகர் தோன் ஹசிந்தோ. புத்தகத்தையும் மூடினார்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் முந்நூறு பேருக்கும் கேட்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் காதருகே சொல்வது போலிருக்கும். லுசிந்தா விழுந்தபோது, கீழ்த்தளத்திலிருந்து மாடிப்படியில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த, புகையிலையின் நடுநரம்பை உரித்தெடுக்கும் பெண்கள் விம்மினார்கள். எவெலியோ எழுந்து நின்றான்.

"என்ன அநியாயம் இது! சொத்தைத் தின்ன பய உசுரோட திரியறான். ஒரு பாவமும் அறியாத புள்ள சாகணுமா?"

கத்தி தரையில் விழுந்தது. அடுத்த நொடி இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. கோபம் பத்திர எழுத்தர் மேல், அவனைத் தப்பவிட்ட எழுத்தாளர் மேல். ஆனால் பார்சலோனாவில் இருக்கிறவருக்கு இந்தச் சத்தம் கேட்காது. கேட்டவர் மேடையில் இருந்தவர்தான்.

தோன் ஹசிந்தோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று பாகங்களும் அவர் சொந்தப் புத்தகங்கள். அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தொப்பியை வைத்துக்கொண்டு படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிரே இருந்த சொலாரெஸ் ஆலைக்குள் நுழைந்தார். நாங்கள் ஜன்னல்களில் நெருக்கியடித்துப் பார்த்தோம். திங்கட்கிழமை அவர் அந்த ஆலை மேடையில் இருந்தார்.

எவெலியோ பிறந்ததே வாசிப்பின் நடுவில்தான் என்று அவன் அம்மா சொல்லிக்கொள்வாள். கீ வெஸ்ட் தீவின் சுருட்டு ஆலையில் அவள் இலை உரித்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்ததாம். அத்தியாயம் முடியட்டும் என்று எழுந்திருக்க மறுத்துவிட்டாளாம். மருத்துவச்சி ஆலைக்கே வரவேண்டியிருந்தது. இது எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஆனால் எவெலியோவைப் பார்த்தவர்கள் நம்புவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். காதால் கேட்டதை மட்டும் மறக்கமாட்டான். சுருட்டுச் சுற்றும்போது ஏதாவது நாவலில் வரும் நீதிமன்றப் பேச்சை ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்லுவான், வழக்கறிஞரின் இருமல் உட்பட.

குள்ளம், அகலமான தோள், வளைந்த கால். பதினாறு வயதில் இபோருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பேஸ்பால் மைதானத்தில் நின்றான். எந்த இடம் வேண்டும் என்று கேட்டதற்கு, "மத்த எட்டு பேரும் எந்த ஆளப் பாத்து நிக்கறாங்களோ, அந்த இடம்" என்றானாம். அது கேட்சரின் இடம். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பிட்சர் வீசுவதை வாங்க வேண்டும். மற்ற எட்டு பேரும் மைதானத்தின் உள்ளே பார்த்து நிற்பார்கள். இவன் ஒருவன்தான் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வலது மோதிர விரல் பந்து பட்டு இரண்டு தடவை உடைந்து கோணலாகிவிட்டது. அந்தக் கோணல் விரலால் அவன் முடிக்கும் சுருட்டு நுனியில் ஒரு சுருக்கம் இருக்காது.

அவனுடைய இன்னொரு ஆயுதம் வாய். மட்டை பிடிக்க எவன் வந்தாலும் பேச்சுக் கொடுப்பான். "கால்கயிறு அவுந்திருக்கு பாரு மச்சான்." "உன் மாமியா வந்திருக்காப்ல இருக்கே, அந்தக் கருப்புக் குடைக்குக் கீழ?" அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வந்து கையுறையில் விழுந்திருக்கும். சொலாரெஸ் அணியின் பெரிய அடிகாரன் நிகானோர் இப்படி இரண்டு வருடம் ஏமாந்தவன். சுருட்டுப் பெட்டி அடுக்குகிறவன். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஊரில் யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவான். காபிக் கடையில் அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம்.

வாசகர் போன பிறகு எங்கள் மண்டபம் எப்படி இருந்தது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. புதிதாக இரண்டு பேரை ஏற்றிப் பார்த்தோம். ஒருவருக்குக் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. இன்னொருவர் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே ஆளாகப் பேசினார், கிழவியும் குதிரைக்காரனும் உட்பட. அதைவிட, அவர்களிடம் மூன்றாம் பாகம் இல்லை. ஊரிலேயே அந்தப் புத்தகம் ஒரு பிரதிதான், அது தெருவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. லுசிந்தா செத்தாளா பிழைத்தாளா என்பது தெரியாமல் முந்நூறு பேர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

எல்லோருடைய எரிச்சலும் ஒருவன் மேல் திரும்பியது. எவெலியோவின் பக்கத்துப் பலகைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். காபி வாங்கி வருகிறவர்கள் அவன் கோப்பையை மறந்தார்கள். வீட்டில் நிலைமை அதைவிட மோசம். அவன் மனைவி ஓப்துலியா இலை உரிக்கும் பெண்களில் ஒருத்தி. அன்று மாடிப்படியில் முதலில் விம்மியதும் அவள்தான். அன்றிலிருந்து அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வாணலியைப் பார்த்துப் பேசினாள்.

"அரிசியும் மொச்சையும் ஆறுதுன்னு சொல்லு. சாப்பிடறவங்க சாப்பிடட்டும். கத்தி ஏதும் கையில இல்லையே?"

"ஓப்துலியா, நான் அவர் மேலயா வீசினேன்?"

"வாணலி கேக்குது, பின்ன யார் மேலயாம்?"

இரண்டாவது வாரம் எவெலியோ சட்டைக் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு தோன் ஹசிந்தோவின் வீட்டுக்குப் போனான். எங்கள் பிட்சர் கார்மெலோவும் கூடப் போனான். சிசிலிக்காரன், மெலிந்த உருவம், பேசினால் வார்த்தைக்குக் காசு கொடுக்கிறவன் போலப் பேசுவான்.

தோன் ஹசிந்தோ உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். எவெலியோ ஆரம்பித்தான்.

"ஐயா, நான் கத்திய வீசினது உங்க மேல இல்ல. அந்த எழுத்தாளர் மேல."

"தம்பி, எழுத்தாளர் அந்த மண்டபத்தில் இல்லை. நான் இருந்தேன்."

"மன்னிச்சிடுங்க ஐயா. திரும்பி வாங்க."

"ஏன் கேட்கிறீர்கள்? கதை பாதியில் நிற்கிறது, வீட்டில் சோறு ஆறுகிறது, பக்கத்து ஆள் முகம் கொடுக்கவில்லை. அதனால்தானே?" காபியை ஒரு வாய் குடித்தார். "தோற்றவன் கேட்பது மன்னிப்பு இல்லை தம்பி, கெஞ்சல். ஜெயித்து நின்றுகொண்டு, ரெண்டு ஆலைக்காரர்களும் பார்க்க, ஒருவன் தொப்பியைக் கழற்றினால் அப்போது யோசிக்கலாம்."

"எதுல ஜெயிக்கணும் ஐயா?"

தோன் ஹசிந்தோ சுவரைப் பார்த்தார். அங்கே அவருடைய கருப்புக் குடை மாட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்துக்கு வருகிற மனிதர் அவர்.  வெளியே வந்ததும் கார்மெலோ சொன்னான்: "அடுத்த ஞாயிறு சொலாரெஸ்கூட ஆட்டம்."

செய்தி தெருவைக் கடக்க அரைநாள் ஆனது. சொலாரெஸ் ஆட்கள் கூட்டம் போட்டுச் சிரித்தார்கள். அந்த வருடம் எங்களோடு ஆடிய எல்லா ஆட்டத்திலும் அவர்களே ஜெயித்திருந்தார்கள். எங்கள் அணி ஜெயித்து, வாசகருக்கும் இஷ்டமிருந்தால், அவரைக் கைதட்டி வழியனுப்பத் தயார் என்றார்கள். தோற்றால் கல்தெரோன் ஆட்கள் மொத்தமும் கத்தியோடு அவர்கள் வாசலில் வந்து நின்று, அவர்கள் அணிக்காகத் தட்ட வேண்டும். ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்ளும்போது எல்லோரும் எவெலியோவைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி, வேலிக்கு அப்பாலிருந்த பனைப் புதர்கள் வரை ஆட்கள். சங்கத்து பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரு பக்கம். விசிறியோடு பெண்கள் ஒரு பக்கம். எங்கள் ஆட்கள் பலகையையும் கத்தியையும் கொண்டு வந்திருந்தார்கள், தட்ட வாய்த்தாலும் வாய்க்கலாம் என்று. மூன்றாம் பேஸுக்குப் பின்னால், கருப்புக் குடைக்குக் கீழே, தோன் ஹசிந்தோ நேராக உட்கார்ந்திருந்தார். நடுவர், ரொட்டிக்கடை சல்வதோரே. கிழிந்த சேவல் குரல். அவர் 'ஃபௌல்' என்றால் கோட்டுக்கு வெளியே போன பந்து; ஆட்டம் நிற்கும். அந்தக் கூவலை மைதானத்தின் கடைசியிலும் கேட்கலாம்.

மூன்று பேஸ்களையும் சுற்றி, மட்டை பிடிக்கிற இடமான 'வீட்டுக்கு'த் திரும்பி வந்தால் ஒரு ரன். முதலில் மட்டை பிடித்து ஒரு ரன் எடுத்தோம். பிறகு சொலாரெஸ் முறை. எவெலியோ முகமூடியை இறக்கிக்கொண்டு குந்தினான். முதல் ஆள் அடித்துவிட்டு முதல் பேஸில் போய் நின்றுகொண்டான். அடுத்து நிகானோர் வந்தான். மட்டையால் தரையைத் தட்டினான். குனியாமல், உதடு அசையாமல் சொன்னான்:

"எவெலியோ, லுசிந்தா சாகல தெரியுமா?"

"என்னது?"

பந்து எவெலியோவின் மார்பில் பட்டுத் தெறித்தது. பேஸில் நின்றவன் ஒரு பேஸ் முன்னேறினான்.

"சும்மா சொன்னேன்டா. செத்துட்டா. அடக்கமும் பண்ணியாச்சு."

அடுத்த பந்து அவன் கால்களுக்கு நடுவே போயிற்று. நிகானோர் மூன்றாவதை வேலி வரை அடித்தான். அதன் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முடிவைக் கொண்டு வந்தார்கள். லுசிந்தா அந்தப் பத்திர எழுத்தரையே கல்யாணம் செய்துகொண்டாள். இல்லை, கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்துவிட்டாள். படகோட்டிக்கு ஏற்கனவே மூன்று மனைவிகள். ஒரு மெலிந்த பையன் பரிதாபமாக, "அந்தக் கடைசி அத்தியாயத்த மட்டும் நீ கேட்டிருக்கணும் அண்ணே" என்று பெருமூச்சு விட்டான். அது எல்லாவற்றையும்விட மோசமாக வேலை செய்தது. நான்கு ரன் போயிற்று.

கார்மெலோ நடந்து வந்தான். "டேய். பந்து பிடிக்க வந்தியா, கதை கேக்க வந்தியா?"

"மச்சான், அவனுங்களுக்குத் தெரியும்டா! அங்க மூணாம் பாகம் ஓடுது. எல்லாப் பயலுக்கும் தெரியும்!"

"ஓடட்டும்."

"உனக்குத் தெரிஞ்சுக்க வேணாமா?"

கார்மெலோ கொஞ்சம் யோசித்தான். "வேணும்," என்றான். "ஆனா இவன்கிட்டருந்து வேணாம்."

இன்னிங்ஸ் முடிந்து எவெலியோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். இரண்டு வருடமாக அவன் மற்றவர்களுக்குச் செய்ததை இப்போது ஒன்பது பேர் சேர்ந்து திருப்பிச் செய்தார்கள்.  பின்னால் பெண்கள் வரிசையிலிருந்து ஓப்துலியா எழுந்து வந்தாள். கையில் கூடை. அவனைப் பார்க்காமல் கார்மெலோவைப் பார்த்துப் பேசினாள்.

"கார்மெலோ, அந்த ஆள்கிட்ட சொல்லு. வாய்க்குப் பூட்டுப் போட யாராலயும் முடியாது. காது ரெண்டும் சும்மாத்தான திறந்து கெடக்கு, அத அடைச்சுக்கச் சொல்லு."

கூடையிலிருந்து நீள ரொட்டி ஒன்றை எடுத்து எவெலியோவின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எவெலியோ ரொட்டியைப் பார்த்தான். உடைத்தான். உள்ளேயிருந்த வெள்ளைச் சதையை எடுத்து, கோணல் விரலையும் சேர்த்து மூன்று விரல்களால், சுருட்டு நுனியை முடிப்பது போல உருட்டினான். ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் வட்டம். இரண்டு காதிலும் செருகினான். தொப்பியை இழுத்துவிட்டான்.

"இப்ப வரட்டும் அவனுங்க!" என்றான். அவன் சாதாரணமாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்துதான் ஆட்டம் மாறியது. நிகானோரின் ஆட்கள் வந்து வந்து லுசிந்தாவைக் கொன்றார்கள், உயிர்ப்பித்தார்கள், பிரசவம் பார்த்தார்கள். எவெலியோ கல்லுச் சிலை போல உட்கார்ந்திருந்தான். அவன் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

"கார்மெலோ! இவனுக்கு வெளிப்பக்கம் போடு! வெளிப்பக்கம் வந்தா இவனுக்குக் கண்ணு தெரியாது!"

மட்டை பிடித்தவன் சிரித்துக்கொண்டு வெளிப்பக்கம் சாய்ந்தான். கார்மெலோ உள்பக்கம் போட்டான். இப்படியே மூன்று இன்னிங்ஸ், எவெலியோ கத்துவதற்கு நேர்மாறாகக் கார்மெலோ வீசினான். இருவரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை. பேசினாலும் ஒருவனுக்குக் கேட்காது. சொலாரெஸ்காரர்கள் கடைசியில் கண்டுபிடித்து, கத்துவதற்கு நேர்மாறாக நிற்க ஆரம்பித்தார்கள். கார்மெலோ அன்றைக்கு முதல் தடவையாகப் புன்னகை செய்தான். அதன்பின் எவெலியோ கத்திய இடத்திலேயே போட்டான். அவர்களுக்கு முதல் இன்னிங்ஸுக்குப் பிறகு ஒரு ரன்னும் வரவில்லை.

நாங்கள் மெதுவாகச் சேர்த்தோம். நாலாவதில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. எட்டாவதில் இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது எவெலியோ மட்டை பிடித்தான். சொலாரெஸ் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்று ஏதோ கத்தியது. என்ன என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. பந்து வந்தது. மட்டையில் பட்ட சத்தம் மட்டும் அவன் கைவழியாக ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் ஓடத் தொடங்கும்போதே சிரித்தான். இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஐந்து, நான்கு. பலகைகளும் கத்திகளும் அன்று முதல் தடவை பேசின. மூன்று வாரமாக அவனுக்குக் காபி வாங்கி வராத கைகள் அவை.

ஒன்பதாவது இன்னிங்ஸ், சொலாரெஸின் கடைசி முறை. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட் ஆனால் முடிந்தது. ஆனால் மூன்றாம் பேஸில் நிகானோர் நின்றான். யாரும் பந்தால் தொடுவதற்குள் அவன் வீடு வந்தால் சமம். இரண்டாம் பேஸில் இன்னொருவன். அவனும் வந்தால் எங்கள் கதை முடிந்தது, லுசிந்தா கதை முடியாமல். பேண்டு நின்றுவிட்டது. குடைக்குக் கீழே தோன் ஹசிந்தோ முன்னால் சாய்ந்திருந்தார்.

கார்மெலோ வீசினான். மட்டை பந்தின் தலையில் பட்டது. பந்து குதித்து, செத்து, மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி மெல்ல உருண்டது. அந்த நேரத்தில் மைதானமெங்கும் கேட்கும்படி ஒரு கிழிந்த சேவல் குரல் எழுந்தது.

"ஃபௌல்! ஃபௌல் பந்து!"

எங்கள் மூன்றாம் பேஸ்காரன் நின்றுவிட்டான். கார்மெலோ இடுப்பில் கைவைத்து மூச்சு விட்டான். வேலியோரம் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்கடை சல்வதோரே மட்டும் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அவர் வாயே திறக்கவில்லை. கத்தியது நிகானோர். கத்திக்கொண்டே அவன் வீட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான். எல்லோரும் நின்றுவிட்டதைப் பார்த்ததும் ஓட்டத்தைக் குறைத்தான். சிரித்துக்கொண்டு, பெண்கள் பக்கம் பார்த்துத் தொப்பியை உயர்த்தினான்.

மைதானத்தில் அந்தக் குரல் விழாத காது இரண்டுதான். அந்தக் காதுகளுக்குச் சொந்தக்காரன் பந்தை மட்டும் பார்த்தான். முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, வளைந்த கால்களால் கோட்டோரம் ஓடி, உருண்டுகொண்டிருந்த பந்தை வெறுங்கையால் அள்ளி நிமிர்ந்தான். எதிரே தொப்பியை உயர்த்திய கையோடு நிகானோர். எவெலியோ பந்தோடு கையை அவன் நெஞ்சில் பதித்தான். இருவரும் சேர்ந்து புழுதியில் விழுந்தார்கள். எவெலியோ கையை மேலே தூக்கினான். கோணல் விரலோடு சேர்த்து ஐந்து விரலும் பந்தை இறுக்கியிருந்தன.

"நான் ஒண்ணும் சொல்லல!" என்று சல்வதோரே தன் சொந்தச் சேவல் குரலில் கூவினார். "நான் வாயத் தொறக்கவே இல்ல! அவுட்! அவுட்டு!"

அந்த ஆலங்கட்டி மழையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கத்தி இல்லாதவர்கள் வேலியைத் தட்டினார்கள், கூடையைத் தட்டினார்கள், பக்கத்து ஆள் முதுகைத் தட்டினார்கள். எவெலியோவைத் தூக்க ஓடினோம். அவன் எங்களைத் தள்ளிவிட்டு, புழுதி அப்பிய உடம்போடு நேராக மூன்றாம் பேஸுக்குப் பின்னால் நடந்தான். நாங்கள் புரிந்துகொண்டு நின்றோம். சொலாரெஸ் கூட்டமும் அடங்கியது.

குடையின் முன் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"தோன் ஹசிந்தோ!" என்றான். சத்தம் வேலிக்கு அப்பால் போயிற்று. "கத்திய முதல்ல வீசினது நான்தான்! எழுத்தாளர் மேலன்னு போன வாரம் சொன்னேன். அது சாக்கு! நீங்க மூணு மாசம் எங்களுக்குத் தொண்டை வத்தப் படிச்சீங்க, நான் உங்க முகத்துக்கு நேரா வீசினேன்! தப்பு! மன்னிக்கணும்!"

தோன் ஹசிந்தோ எழுந்தார். குடையை மடக்கினார். அவரும் தன் தொப்பியைக் கழற்றினார். பிறகு அந்தக் குரலில், ஒவ்வொருவர் காதருகேயும் பேசுவது போல, ஏதோ மூன்று நான்கு நீள வாக்கியங்கள் பேசினார். கோபம் வந்து ஒரு மண்டபமே கத்தியை வீசும்படி ஒரு பக்கத்தை வாசிப்பது எந்த வாசகருக்கும் வாய்ப்பதில்லை என்றும், அன்று மாலையே அது தமக்குப் புரிந்ததென்றும், மனிதனுக்குக் கௌரவம் என்று ஒன்று இருப்பதால் தெருவைத் திரும்பக் கடக்க முடியவில்லை என்றும், இப்போது முடியும் என்றும். இரண்டு ஆலைக் கூட்டமும் ஆர்ப்பரித்தது. பேண்டு ஆரம்பித்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

எவெலியோ மட்டும் தொப்பியைப் பிசைந்துகொண்டு கவலையோடு அவர் உதட்டைப் பார்த்தபடி நின்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓப்துலியா வந்தாள். அவன் இடது காதைப் பிடித்து ரொட்டியைப் பிடுங்கினாள்.

"வர்றேன்னு சொல்லிட்டாருய்யா, மரமண்டை!" என்றாள். "வர்றாராம்!"

அவள் இந்த முறை வாணலியைப் பார்த்துப் பேசவில்லை. அவன் அவளையே பார்த்தான். வாசகர் வருவதைவிட அவள் பேசியது அவனுக்குப் பெரிதாகப் பட்டிருக்கலாம். ஆனால் அவன் எவெலியோ. அடுத்த நொடியே தோன் ஹசிந்தோ பக்கம் திரும்பிவிட்டான்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. அவ உசுரோட இருக்காளா?"

"நாளை மதியம், ஒரு மணிக்கு."

"இவனுங்களுக்கெல்லாம் மட்டும் தெரியுமே ஐயா! இது என்ன நியாயம்?"

தோன் ஹசிந்தோ புழுதியைத் தட்டிக்கொண்டிருந்த நிகானோரைப் பார்த்தார். "இவர்களுக்கா? அந்த ஆலையில் நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அங்கே லுசிந்தாவுக்கு இன்னும் பதினோரு வயசு. செத்தாளா பிழைத்தாளா என்று நீங்கள் ஊரெல்லாம் புலம்பியது மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும்."

நிகானோர் காது வரை சிவந்தான்.  எவெலியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் நிகானோரும் சேர்ந்துகொண்டான்.

எவெலியோ அதன்பிறகு எட்டு வருடம் கேட்சராக இருந்தான், முழங்கால் இரண்டும் போதும் என்று சொல்லும் வரை. இரண்டு வெற்றிக் கோப்பைகளும் இன்னும் ஒரு கோணல் விரலும் சம்பாதித்தான். மண்டபத்தில் ஒழுங்கு பார்த்துக்கொள்ள, எந்தப் புத்தகம் வாசிப்பது என்று வாக்கெடுப்பு நடத்த, ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்போம். அந்த வேலைக்கு எவெலியோவை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். கத்தி வீசுவதன் விலை அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் எங்கள் தெருவில் அவன் பெயரைச் சொன்னால் கோப்பைகள் யாருக்கும் நினைவுக்கு வராது. அந்தத் திங்கட்கிழமைதான் வரும்.

ஒரு மணி. தோன் ஹசிந்தோ மேடையேறினார். அச்சகத்திலிருந்து ஓரம் வெட்டாமல் வந்திருந்த மூன்றாம் பாகத்தின் தாள்களை அவரே எங்கள் முன்னால் கத்தியால் பிரித்தார். மாடிப்படி நிறையப் பெண்கள். ஒருவரும் இருமவில்லை. படகோட்டி விடியலில் வலையை இழுக்கிறான், கனக்கிறது, ஏதோ மரக்கட்டை என்று நினைக்கிறான், கட்டைக்குக் கை இருக்கிறது. அந்தக் கை அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறது.

எவெலியோதான் முதலில் தட்டினான். அவன் பலகை இரண்டாகப் பிளந்தது. அதன்பின் தோன் ஹசிந்தோ வெகுநேரம் வாசிக்க முடியவில்லை.

சத்தம் அடங்கும்போதுதான் ஜன்னலைக் கவனித்தோம். வெளியே தெருவில் சொலாரெஸ் ஆட்கள் இருபது முப்பது பேர், சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று காதை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வாசகர் இல்லாத மண்டபம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதிலேயே தெரிந்துவிட்டது. முன்னால் நின்றவன் நிகானோர்.

"யாரோட கைடா அது?" என்று கிசுகிசுத்தான். "யாரு, லுசிந்தாவா? அவ எப்படி ஆத்துக்குள்ள போனா? என்னடா ஆச்சு அவளுக்கு?"

மண்டபமே எவெலியோவைப் பார்த்தது. ஒன்பது பேர் சேர்ந்து அவனுக்குச் செய்ததை ஒரே வாக்கியத்தில் திருப்பிச் செய்யலாம். அவனும் அதை ருசித்தான் என்று நினைக்கிறேன், மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து, ரொட்டியை உடைத்து, மூன்று விரல்களால் நிதானமாக இரண்டு அடைப்பான்கள் உருட்டி, ஜன்னல் வழியே நீட்டினான்.

"மச்சான், உனக்கு அவ இன்னும் பதினோரு வயசுப் புள்ள," என்றான். "காதை அடைச்சுக்க. சாயங்காலம் காபிக் கடைக்கு வா, முதல் பாகத்துலேர்ந்து நான் சொல்றேன்."

நிகானோர் வாங்கி அடைத்துக்கொண்டான். தோன் ஹசிந்தோ பக்கத்தைத் திருப்பினார்.